புரூசெல்லாவில் எந்த இனம்

ஜவுபருக்கு முதல் தடவை காய்ச்சல் வந்தபோது ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1980ஆம் ஆண்டு மாசி மாதம். வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்தது. வயல்வட்டைக்குப் போய் வருகிறவர்களில் பாதிப் பேர் தடிமனும் மேல்நோவுமாகத்தான் இருந்தார்கள். அவன் மனைவி ஸம்ஸியா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நாலாம் நாள் மலேரியாக் குளிசை வாங்கிக் கொடுத்தாள். பத்தாம் நாள் காய்ச்சல் தானாக விட்டது. அவன் எழும்பிக் குளித்துவிட்டு, நற்பிட்டிமுனைக்கு மேற்கே தரவையில் மேய்கிற தன் மாடுகளைப் பார்க்கச் சைக்கிளில் போனான்.

ஆறாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது.

பிறகு அது போகவும் இல்லை, முழுதாக இருக்கவும் இல்லை. பின்னேரமானால் உடம்பு கொதிக்கும். விடியும்போது வேர்த்து, தலையணை பிழிந்தெடுக்கலாம்போல நனைந்திருக்கும். அந்த வேர்வையில் ஈர வைக்கோலின் மணம் அடித்தது. இடுப்பும் முதுகும் அவனை நிமிர விடவில்லை. பத்து நாள் இப்படி. அதன்பிறகு ஐந்தாறு நாள், நோயே வராத மனிதனைப்போல நடமாடுவான். அந்த ஐந்தாறு நாளில் அவனைக் காண்கிறவர்கள்தான் பின்னால் சோம்பேறி என்று கதைத்தார்கள். போன கிழமை சந்தையில் சிரித்துக்கொண்டு நின்றவன், இந்தக் கிழமை எப்படிப் படுக்கையில் கிடப்பான்?

ஸம்ஸியாவுக்குத் தெரியும். கலியாணம் முடித்து ஐந்து வருடமாக மருதமுனையில் அவள் வீட்டில் இருக்கிறான். ஒரு நாள் சும்மா இருந்தவனல்ல. 78ஆம் ஆண்டுச் சூறாவளியில் அவனுடைய இருபத்தேழு மாடுகளில் நான்கு மிஞ்சின. மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது அவன் பொலன்னறுவைப் பக்கம் போய், மூன்று கிழமை அங்கேயே தங்கி, ஏழு பசுக்களை வாங்கி நடத்திக்கொண்டு வந்தான். வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்த ஏழில் ஒன்றான சிவலைப் பசு தை மாதத்தில் குறைமாதத்தில் செத்த கன்றைப் போட்டது. இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி விழவில்லை. அவன்தான் முழங்கை வரை கைவிட்டு இழுத்து எடுத்தான். அன்று நாற்றத்தோடு வந்து நின்றவனுக்குக் கிணற்றடியில் ஸம்ஸியா வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். அதற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்குமென்று இருவருமே நினைக்கவில்லை.

வீட்டின் பக்கத்துச் சாய்ப்பில் அவளுடைய தறி இருந்தது. சாரன் நெய்வாள், நூலுக்குச் சாயமும் தானே போடுவாள். தலையிடியோடு கிடக்கிறவனுக்குச் சத்தம் ஆகாது என்று பங்குனி முழுக்கத் தறியை நிறுத்தி வைத்தாள். ஒரு பின்னேரம் அவனே கூப்பிட்டான்.

"தறியப் போடு புள்ள. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திர வருது."

அன்றிலிருந்து அவன் கண்ணயரும் வரை நெய்தாள். நித்திரை என்று கண்டதும் நிறுத்திவிட்டு, வந்து நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரில் பென்சிலால் ஒரு கோடு கீறுவாள். காய்ச்சல் கடுமையென்றால் நீளக் கோடு, குறைவென்றால் சின்னக் கோடு, இல்லாவிட்டால் ஒரு புள்ளி. எதற்கென்று அவளுக்கே தெரியாது. அந்தக் காய்ச்சல் தன்னை ஏமாற்றுகிறது என்று ஒரு கோபம், அவ்வளவுதான்.

நோன்பு வந்தது. சுகமான நாட்களில் பிடித்தான். காய்ச்சல் ஏறிய நாட்களில் பிடிக்க முடியவில்லை. நடுப்பகலில் அவன் வாசலில் சாய்ந்திருந்து தண்ணீர் குடித்ததைத் தெருவால் போனவர்கள் கண்டார்கள்.

பெருநாள் முடிந்து இரண்டாம் கிழமை, கலண்டர் தாள்களைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, அவனையும் பஸ்ஸில் ஏற்றி, கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கு முன் நான்கு தடவை போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குளிசை. இந்தத் தடவை இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த இளம் டொக்டர். அவர் கேள்வி கேட்கத் தொடங்கும் முன் ஸம்ஸியா தாள்களை மேசையில் விரித்தாள்.

"பத்து நாள் ஏறுது, அஞ்சு நாள் இறங்குது, டொக்டர். ஆறு மாசமா இதே கணக்குத்தான். கீறி வெச்சிரிக்கன், பாருங்க."

டொக்டர் பார்த்தார். கோடுகள் சித்திரையிலிருந்து ஆவணி வரை கடலலைபோல ஏறி இறங்கிக் கிடந்தன. அவர் ஜவுபரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, மாடு வைத்திருக்கிறீர்களா என்பதுதான்.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையில் பதில் வந்தது. டொக்டர் தடித்த புத்தகமொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடம் சொல்வதுபோல அல்ல, தானும் முதல் தடவையாக ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோசத்தோடு விளக்கினார். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்டீரியா. பெயர் புரூசெல்லா. அது சாதியின் பெயர். விஞ்ஞானத்தில் சாதி என்றால் ஒரு பெரிய வளவு மாதிரி. அதற்குள் இருக்கிற வீடுகள்தான் இனங்கள். இந்தச் சாதிக்குள் பல இனம் உண்டு, மனிதருக்கு வருத்தம் கொடுப்பதில் முக்கியமானது மூன்று. ஒன்று ஆட்டில் இருப்பது, ஒன்று மாட்டில் இருப்பது, ஒன்று பன்றியில் இருப்பது. இரத்தப் பரிசோதனை வளவைக் காட்டுமே தவிர வீட்டைக் காட்டாது. ஆனால் கவலை வேண்டாம், எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். மூன்று கிழமை நாளுக்கொரு ஊசி, ஆறு கிழமை குளிசை. ஒரு மனிதரிலிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை.

ஸம்ஸியா ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் தலை அவளுக்கு. பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆறு மாதமாகப் பெயரில்லாமல் வீட்டுக்குள் இருந்த ஒன்றுக்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. இனிப் போய்விடும்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அடுத்த வளவுக் கைருன்னிஸா கேட்டாள், என்ன நோயாம் என்று. ஸம்ஸியா முழுதையும் சொன்னாள். புரூசெல்லா, சாதி, இனம், ஆடு, மாடு, பன்றி. சொல்லும்போது அவளுக்குள் சின்னப் பெருமை இருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

ஊசி தொடங்கிப் பத்தாம் நாள் ஜவுபரின் தலையணை காய்ந்திருந்தது. பதினைந்தாம் நாள் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டான். கலண்டரில் புள்ளிகள் மட்டும் வரிசையாக விழுந்தன. அந்த வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, ஏழு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து ஜும்ஆவுக்குப் போனான்.

திரும்பி வந்தவன் உடுப்பை மாற்றிவிட்டுப் போய்ப் படுத்தான். அடுத்த வெள்ளி இடுப்பு நோகிறது என்று வீட்டிலேயே தொழுதான். அதற்கடுத்த வெள்ளியும்.

அவன் மாட்டுப் பாலில் உறைய வைத்து விற்கிற தயிர்ச் சட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாடிக்கையாக எடுக்கிற வீடுகளில், பிள்ளைக்குச் சளி, இப்போது வேண்டாம் என்றார்கள். ஒரு கிழமையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சளி. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானுக்கென்று வருடாவருடம் ஜவுபரின் பட்டியில்தான் மாடு பார்க்க வருவார்கள். அந்த வருடம் ஒருவரும் வரவில்லை.

காரணத்தை ஸம்ஸியாவின் தாய் ஆயிஷா உம்மாதான் கொண்டுவந்தார். ஒரு கலியாண வீட்டில் பெண்கள் தன்னைக் கண்டதும் கதையை நிறுத்தியதாகச் சொன்னார். பிறகு ஒரு சொந்தக்காரி இரக்கப்பட்டு ஒதுக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னாளாம். உங்கள் மருமகனுக்கு வந்தது பன்றிக் காய்ச்சலாம். கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். மாடு வாங்கப் போகிறேன் என்று மூன்று கிழமை வெளியூரில் தங்கினாரே, அங்கே எங்கே தின்றார், என்ன தின்றார் என்று யாருக்குத் தெரியும்? நோன்பிலும் பகலில் தண்ணீர் குடித்தார்தானே?

ஆயிஷா உம்மா கெட்டவரல்ல. ஆனால் பயந்த மனுசி. மகளுக்குப் பிள்ளையும் இல்லை, மருமகன் நோயாளி, இப்போது இந்தப் பெயரும் என்று அழுதார். அழுது முடித்து, மனதில் இருந்ததைச் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு அவர் நற்பிட்டிமுனையில அவர்ட உம்மா வீட்ட போய் இரிக்கட்டும் மகள். கத அடங்கினா வரலாந்தானே."

ஸம்ஸியா சாயம் போட்ட நூலைக் கயிற்றில் விரித்துக்கொண்டிருந்தாள். விரித்து முடித்தாள்.

"அவர் போனா நானும் போவன் உம்மா. தறியையும் கழட்டிக்கிட்டுத்தான் போவன்."

தாய் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை. பன்றி என்ற சொல் எந்த வாயிலிருந்து வந்தது என்று ஸம்ஸியாவுக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாள் தறியை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகை முடிந்து, ஜவுபர் தொழுத பாயிலேயே உட்கார்ந்திருந்தபோது, அவனுக்கு முன்னால் போய் இருந்தாள்.

"பண்டிக் கதைய வெளியில விட்டது நான்தான்."

அவன் பாயின் நுனியை மடித்தான். "தெரியும்" என்றான்.

"எப்பயிலிருந்து?"

"முதல் நாளே தெரியும். பள்ளிவாசல்ல எனக்குப் பக்கத்தில நிண்டவர் கொஞ்சம் கொஞ்சமா அங்கால விலகி அரக்கிப் போனார். வெளியில வந்து கேட்டன். ஆட்டுல ஒண்டு, மாட்டுல ஒண்டு, பண்டியில ஒண்டு எண்டு வரிசையாச் சொன்னார். டொக்டர் சொன்னத இவ்வளவு சரியா வேற ஆர் சொல்லுவா? நீதான்."

அவள் அழத் தொடங்கினாள். அவன் அவளை ஏசவுமில்லை, தேற்றவுமில்லை. கலண்டரில் நீ கோடு கீறாமல் இருந்திருந்தால் நான் மௌத்தாகி மண்ணுக்குள் போயிருப்பேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். அதைக் கேட்டு அவள் இன்னும் கூட அழுதாள்.

அடுத்த நாள் ஸம்ஸியா தனியே கல்முனைக்குப் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு அல்ல, மிருக வைத்தியர் காரியாலயத்துக்கு. அங்கே இருந்தவர் காரைதீவைச் சேர்ந்த அரசரெத்தினம். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த மனிதர், மாட்டுக்காரர்களோடு கதைத்துக் கதைத்துக் குரல் எப்போதும் தரவையில் நிற்பதுபோல உரத்து வரும். அவள் ஆரம்பத்திலிருந்து சொல்லி, தன் கணவனுக்கு வந்த புரூசெல்லா எந்த இனம் என்று ஒரு கடுதாசி வேண்டும் என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. "மருந்து எல்லாத்துக்கும் ஒண்டுதானே தங்கச்சி. அவருக்குச் சுகமும் வந்திட்டு. இனம் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"மருந்துக்கு இல்ல ஐயா. ஊருக்கு."

அரசரெத்தினம் குரலைத் தணித்துக் கதைத்தார். கணவரின் உடம்பிலிருந்து இனி அதை எடுக்க முடியாது, மருந்து கொன்றுவிட்டது. மாட்டில் இருந்தால் எடுக்கலாம். மாட்டில் மாட்டினம் இருப்பது கண்டால், கையை உள்ளே விட்டவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று. சோதித்துப் பார்த்துவிட்டால், நோய் கண்ட மாட்டைப் பட்டியில் வைத்திருக்க விடமாட்டேன் என்றார். யோசித்து வரும்படி அனுப்பினார்.

ஜவுபர் மறுத்தான். சுகமாகி வந்த பிறகு அவன் குரல் உயர்ந்த ஒரே நாள் அதுதான். சூறாவளி கொண்டுபோனது போதாதா, இனி நானே பிடித்துக் கொடுக்கவா என்று கேட்டான். "என்ட பேரத் திருப்பி வாங்கறத்துக்கு வாயில்லாச் சீவனக் குடுக்கச் சொல்றியா? கதைக்கிறவன் கதைக்கட்டும்."

ஸம்ஸியா வற்புறுத்தவில்லை. தான் செய்த பிழையைத் திருத்த அவனுடைய மாடுகளைக் கேட்கிறோம் என்பது அவளுக்கே உறுத்தியது. அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில், தரவையில் பக்கத்துப் பட்டிக்காரன் றஸாக் ஓடிவந்தான், ஜவுபரின் புள்ளிப் பசு கன்று போடுகிறது, நாள் வரவில்லை என்று. ஜவுபர் போனான். கன்று ஏழு மாதத்தது, செத்துத்தான் விழுந்தது. இளங்கொடி தொங்கியது. றஸாக் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, காக்கா நீங்கள் நோயாளி, நான் எடுக்கிறேன் என்று கையை நீட்டினான்.

ஜவுபர் அவன் கையைப் பிடித்து இழுத்தான். றஸாக்குக்கு இருபத்திரண்டு வயது, கலியாணம் பேசி வைத்திருந்தார்கள். ஜவுபருக்குத் தன் இடுப்பு ஞாபகம் வந்தது, அந்த ஆறு மாதம் ஞாபகம் வந்தது. அவனை அப்பால் நிறுத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையோடு கல்முனைக்கு, மிருக வைத்தியரிடம் போனான்.

அரசரெத்தினம் தோள் வரை கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கன்றின் வயிற்றிலிருந்து நீரை ஊசியால் எடுத்துப் போத்தலில் அடைத்தார். ஐஸ் வேண்டும் என்றபோது, செய்தி கேட்டு வந்திருந்த ஸம்ஸியா கடற்கரைக்குப் போய் மீன் வாடியில் ஒரு கட்டி வாங்கி, மரத்தூளும் சாக்கும் சுற்றிக் கொண்டுவந்தாள். போத்தல் அன்றே பேராதனை ஆய்வுகூடத்துக்குப் போனது. கன்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தார்கள்.

பிறகு பால் கறக்கிற பசுக்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பால் எடுத்து, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துளி நீல மருந்து விட்டு, தரவையில் இருந்த வாடிக் கொட்டிலில் வரிசையாக நிறுத்தினார். ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது ஸம்ஸியா கேட்டாள், பேராதனையில் மாட்டினமா பன்றியினமா என்று எப்படிப் பிரிப்பார்கள், ஆளுக்கு ஆள் முகம் வேறாக இருக்குமா என்று. நுணுக்குக்காட்டியில் எல்லாம் ஒரே முகம்தான் என்றார் அவர். சாயத்தில்தான் பிரிப்பார்கள். இரண்டு சாயம். ஒன்று ஊதா, ஒன்று கடும் றோஸ். அவற்றைக் கலந்த உணவில் வளர விடுவார்கள். மாட்டினம் றோஸில் வளரும், ஊதாவில் பெரும்பாலும் சாகும். பன்றியினம் மறுபக்கம். ஆட்டினம் இரண்டிலும் வளரும்.

மற்றவர்களுக்கு இது விளங்கியிருக்குமோ தெரியாது. ஸம்ஸியாவுக்கு விளங்கியது. ஒரே தொட்டியில் போட்டாலும் பருத்தி பிடிக்கிற சாயத்தைப் பட்டு பிடிக்காது. நூலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், சாயத்தில் நனைத்துத்தான் அவளும் கண்டுபிடிப்பாள்.

மணித்தியாலம் ஆனது. சில குழாய்களில் பால் நீலமாகவே நிற்க, ஆடை வெள்ளையாக மிதந்தது. நான்கு குழாய்களில் பால் வெளுத்துப்போய், மேலே ஆடை மட்டும் மோதிரம் போட்டதுபோல நீல வளையமாகத் திரண்டிருந்தது. சிவலைப் பசுவின் குழாயும் அதில் ஒன்று. ஜவுபர் வளையங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பால் வற்றிக் கறக்காமல் நின்ற மாடுகளுக்கு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அதில் புள்ளிப் பசுவும் நோய் கண்டவற்றோடு சேர்ந்தது. பதினொன்றில் ஐந்து.

காய்ச்சிய பாலால் ஒருவருக்கும் ஒன்றும் வராது, கறக்கிற கைக்கும் கன்று எடுக்கிற கைக்கும்தான் ஆபத்து என்றார் அரசரெத்தினம். ஜவுபர் தலையசைத்தான். "கடுதாசி வந்தாலும் வராட்டியும் இந்த அஞ்சையும் கொண்டு போங்க ஐயா" என்றான். "அடுத்த கண்டு நழுவுற நேரம் வேறொருத்தன்ட கை உள்ளுக்குப் போகும்."

தை மாதம் பேராதனையிலிருந்து கடிதம் வந்தது. அரசரெத்தினம் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, முத்திரையும் குத்தி ஸம்ஸியாவிடம் கொடுத்தார். சாதி: புரூசெல்லா. இனம்: அபோர்ட்டஸ். அதற்குக் கீழே, மாட்டினம் என்று அவரே தன் கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

ஸம்ஸியா அந்தத் தாளைப் பள்ளிவாசலுக்கும் அனுப்பவில்லை, தெருவிலும் காட்டவில்லை. நேரே கைருன்னிஸாவின் வீட்டுக்குப் போய், அவளை வாசித்துப் பார்க்கச் சொன்னாள். கைருன்னிஸா வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"நான் ஆடு, மாடு எண்டும் சொன்னன் புள்ள" என்றாள். "அது ஒருத்தருக்கும் நெனவில்ல."

"இப்ப மாடு எண்டு மட்டும் சொல்லுங்க ராத்தா" என்றாள் ஸம்ஸியா.

கைருன்னிஸா அன்று பின்னேரமே தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். எத்தனை வீட்டுக்குப் போனாளோ, மூன்று நாளாக அவள் வீட்டில் அடுப்பு நேரத்துக்கு எரியவில்லை என்று அவள் புருசன் குறைபட்டான். அந்த வெள்ளிக்கிழமை ஜவுபர் ஜும்ஆவுக்குப் போனான். முதலில் அரக்கிப்போன அதே மனிதர் வந்து தோளோடு தோள் முட்டி நின்றதாகவும், தொழுது முடிந்து சலாம் கொடுத்தபோது கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் வீட்டுக்கு வந்து சொன்னான். மன்னிப்பென்று அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லையாம். "சொன்னாத்தானா?" என்றான்.

லொறி செவ்வாய்க்கிழமை வந்தது. ஐந்து பசுக்களையும் ஏற்ற வேண்டும். ஸம்ஸியா வரவேண்டியதில்லை என்று ஜவுபர் சொல்லியும் அவள் போனாள். நான்கு மாடுகள் இலகுவாக ஏறின. சிவலை மட்டும் பலகையில் கால் வைக்க மறுத்து நின்றது. கயிற்றை இழுக்கப் போனவர்களை ஜவுபர் தடுத்தான். அதன் காதுக்குள் வழமையாகக் கூப்பிடுகிற மாதிரி ஏதோ சொல்லி, கழுத்தைத் தடவிக்கொண்டு முன்னால் ஏறினான். அது அவனுக்குப் பின்னால் ஏறிவிட்டது. அவன் இறங்கும்போது யாரையும் பார்க்கவில்லை.

லொறி போன பிறகு வாய்க்கால் கரையால் நடந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் வயலில் கதிர் தலைசாய்ந்திருந்தது. மிஞ்சிய ஆறு மாடுகளையும் மூன்று மாதத்துக்கொரு தடவை சோதிக்க வேண்டும், இனி வெளியிலிருந்து மாடு வாங்கினால் பரிசோதிக்காமல் பட்டியில் சேர்க்கக்கூடாது என்றெல்லாம் அரசரெத்தினம் சொன்னதை ஸம்ஸியா ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜவுபர் கேட்டுக்கொண்டு வந்தான். பாதி வழியில் அவன் நின்றுவிட்டான். இடுப்பு பிடித்துக்கொண்டது. டொக்டர் சொல்லியிருந்தார், காய்ச்சல் போனாலும் அந்த நோவு ஒரு வருடமாவது இருக்கும் என்று.

"கொஞ்சம் நில்லு புள்ள" என்றான்.

அவள் அருகே வந்தாள். அவன் தன் கையை அவள் தோளில் வைத்து, பாரத்தை அவள்மேல் சாய்த்தான். ஐந்து வருடத்தில் ஊர் காணும் வெளியில் அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எதிரே நற்பிட்டிமுனை ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். விலகுவோமா என்று ஸம்ஸியா ஒரு கணம் நினைத்தாள். அவனுடைய பாரம் தோளில் இறங்கியிருந்தது. காலைச் சற்று அகட்டி ஊன்றிக்கொண்டு, நோவு குறையும் வரை அப்படியே நின்றாள்.